ரிங் கட்டுக்குக் கணக்கில்லை

போன வாரம் நிஸாம் போன் பண்ணினார். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் எங்கள் தொலைபேசி நிறுவனத்தின் பதுளை அலுவலகத்தில் வந்து சேர்ந்த இளம் பொறியியலாளர். தகப்பனார் பதுளை பஜாரில் துணிக்கடை வைத்திருக்கிறார். மரியாதை தெரிந்த பிள்ளை. நிறுவனத்தின் ஆண்டு விழாவுக்கு மலர் போடுகிறார்களாம். ஓய்வு பெற்ற ஆட்களிடம் ஆளுக்கொரு கட்டுரை வாங்குகிறார்களாம்.

"நீங்க தூண்ல ஏறுனது, அட்டை கடிச்சது, துரை பங்களாவுக்குப் போன் பூட்டுனது, அந்த மாதிரி எழுதுங்க சேர். கொஞ்சம் சிரிப்பாவும் இருக்கட்டும்" என்றார்.

எழுதலாம் என்றேன். உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதோடு போனை வைத்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி வந்திருக்கும். அவர் வைக்கவில்லை.

"இன்னொரு நல்ல செய்தி சேர். இந்த ரிங் கட் தொல்லைய ஒழிச்சிட்டோம். ஒரே நம்பர்ல இருந்து திரும்பத் திரும்ப அடிச்சு வெட்டுனா சிஸ்டமே கண்டுபிடிச்சு அந்த நம்பர நிப்பாட்டிரும். ஆள் பார்க்க வேண்டிய தேவையே இல்ல."

ரிங் கட் என்றால் என்னவென்று எங்கள் நாட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வெளியே இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். போனை அடிக்க விட்டு, அந்தப் பக்கம் எடுப்பதற்கு முன்னால் வெட்டிவிடுவது. அழைத்தவருக்கும் காசு போகாது, அழைக்கப்பட்டவருக்கும் போகாது. கொழும்பில் அதை ஏழைகளின் குறும்பு என்று நினைக்கிறார்கள். நிறுவனம் அதை நட்டம் என்று நினைக்கிறது. அதை ஒழித்துவிட்டோம் என்று கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. நிஸாம் மீது கோபமில்லை. அவருக்கு ராமாயியைத் தெரியாது.

ஆகவே, சிரிப்பாக எழுதக் கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும்.

நான் லுணுகலைக்கு அருகில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டத்துக்கும் ஊருக்கும் இடையில் கடிதப் பையைத் தூக்கி நடந்தவர் என் அப்பா. அந்தத் தோட்டத்தில் போன் இருந்தது இரண்டே இடத்தில். ஒன்று துரையின் பங்களா, மற்றது தோட்டத்து ஆபீஸ். ஒருநாள் காலையில் வெலிமடையில் என் அத்தை இறந்துபோனாள். செய்தி காலையிலேயே ஆபீஸ் போனுக்கு வந்துவிட்டது. கொழுந்து நிறுத்து முடியட்டும், இப்போது சொன்னால் ஆட்கள் வேலையை விட்டுப் போவார்கள் என்று செய்தியை மாலை வரைக்கும் ஆபீசிலேயே வைத்திருந்தார்கள். அப்பா போய்ச் சேர்ந்தபோது தங்கச்சியை எரித்து முடித்திருந்தார்கள். மரணச் செய்தியைக்கூட நிறுத்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள் என்று அப்பா பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தொலைபேசி வேலைக்குப் போனதற்கு வேறு காரணம் கிடையாது. எங்கள் ஆட்களுக்கு வரும் செய்தி இன்னொருவன் கையில் காத்துக் கிடக்கக் கூடாது என்று நினைத்தேன். அது நடக்கிற காரியம் என்றும் அப்போது நம்பினேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. தூண் ஏறினேன், விழுந்தேன், மறுபடி ஏறினேன். கம்பி இழுத்த காலம் போய், கம்பியே இல்லாமல் டவர் வந்தது. ஊவா மலைகளில் டவர் பராமரிப்பு என் கைக்கு வந்தபோது எனக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது.

டவர் வேலை என்றதும் எல்லாரும் உச்சியை அண்ணாந்து பார்க்கிறார்கள். டவரின் உயிர் கீழே இருக்கிறது. அடியில் ஒரு சின்ன அறை, அதற்குள் வரிசையாகப் பேட்டரிகள், பக்கத்தில் தகரக் கூரையின் கீழே ஒரு டீசல் ஜெனரேட்டர். எங்கள் பக்கத்தில் காற்றடித்தால் மரம் விழும். மரம் விழுந்தால் கரண்ட் போகும். கரண்ட் போன கணமே பேட்டரி தாங்க வேண்டும், பேட்டரி இறங்குவதற்குள் ஜெனரேட்டர் எழும்ப வேண்டும். இந்த இரண்டும் இல்லாத டவர் மழைக்காலத்தில் வெறும் இரும்பு.

நான் போனால் முதலில் கதவைத் திறக்க மாட்டேன். வெளியில் நின்று காது கொடுப்பேன். உள்ளே காற்றாடியின் சத்தம் சீராக இருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு திறந்து மூக்கால் பார்ப்பேன். அழுகிய முட்டை வாடை வந்தால் ஏதோ ஒரு பேட்டரி வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொன்றையும் புறங்கையால் தொட்டுச் சூடு பார்த்து, மீட்டர் வைத்து, முனைகளில் பூத்திருக்கும் பச்சையைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, துடைத்து, கிரீஸ் பூசுவேன். கடைசியில் ஒன்று இருக்கிறது, அதைத்தான் பல பேர் செய்வதில்லை. கரண்டை நானே வெட்டிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து காத்திருப்பேன். பேட்டரி உண்மையாகவே தாங்குகிறதா, ஜெனரேட்டர் தானாக எழும்புகிறதா என்று பார்க்க வேறு வழி கிடையாது. காத்திருப்பது சலிப்பான வேலை. அந்தச் சலிப்பான வேலையில்தான் ராமாயியைத் தெரிந்துகொண்டேன்.

அந்தத் தோட்டத்தின் பெயரை எழுத மாட்டேன். அங்கே இன்னும் ஆட்கள் வேலை செய்கிறார்கள், அவர்களுக்கு வம்பு வேண்டாம். தோட்டத்தில் ஒரு பிரிவைக் கணக்கு என்பார்கள். மேற்கணக்கு என்பது மலையின் மேற்பாதி, கீழ்க்கணக்கு என்பது கீழ்ப்பாதி. டவர் மேற்கணக்கின் முகட்டில் இருந்தது. அதன் கீழே பீலி. பீலி என்றால் மலையூற்றைக் குழாய் வழியாக விழச் செய்து தண்ணீர் பிடிக்கும் இடம். பீலிக்குக் கீழே தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள், லயங்களுக்குக் கீழே பிள்ளைக் காம்பரா. தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகும் கட்டடம் அது.

டவர் நின்றுபோனால் தெரிவிப்பதற்காக லயத்தில் சிலரிடம் என் நம்பரைக் கொடுத்திருந்தேன். ஒருநாள் கரண்டை வெட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், போன் அடித்தது. எடுத்து ஹலோ என்றேன்.

"ஏன் சேர் எடுத்தீங்க?" என்றது ஒரு பெண் குரல், வெடுக்கென்று.

"அடிச்சீங்க, எடுத்தேன்."

"ரெண்டு ரிங் அடிச்சா வாங்கன்னு அர்த்தம். தேத்தண்ணி ஊத்தி வச்சிருக்கேன், வந்தாப் போதும். எடுத்ததால இருந்த காசும் போச்சு!"

அதுதான் ராமாயி. கொழுந்து பறிக்கிறவள், ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான ஆள், பேச்சில் யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள். தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே எனக்குப் பாடம் எடுத்தாள். முப்பது வருடமாக டெலிபோன் வேலை செய்தவனுக்குப் போன் எடுக்கத் தெரியவில்லை என்று லயம் முழுக்கச் சிரித்தது. ஒரு ரிங் என்றால் வந்து சேர்ந்துவிட்டேன், பயப்படாதே. இரண்டு என்றால் வீட்டுக்கு வா. யாரும் எடுக்கக் கூடாது. எடுத்தால் காசும் போகும், எண்ணிக்கையும் குழம்பும்.

காசுதான் காரணம் என்று நான் நினைத்ததையும் அவள் திருத்தினாள்.

"கொழுந்து எடுக்கறப்ப ரெண்டு கையும் செடியில இருக்கு. போன எடுத்துப் பேசினா கங்காணி கத்துவாரு. மழையில இடுப்பச் சுத்திப் படங்குச் சீலயக் கட்டிக்கிட்டு நிக்கிறப்ப போன வெளிய எடுக்கவும் ஏலாது. இடுப்புல அடிக்கிறத எண்ணிக்கிட்டாப் போதும்ல?"

வேறு ஒரு தோட்டத்தில் மண் சரிந்து லயம் மூடிய செய்தியை டிவியில் பார்த்த பிறகு அந்தப் பெண்கள் மூன்றாவது ஒன்றையும் சேர்த்திருந்தார்கள். அவர்களாகவே கோயில் வாசலில் கூடிப் பேசி முடிவெடுத்தது. பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கினால் மலைக்குள் மண் அசைகிறது என்று அர்த்தம். முதலில் பார்ப்பவர் மூன்று ரிங் அடித்து வெட்டி, திரும்பவும் மூன்று அடிக்க வேண்டும். அதை அவர்கள் 'மூணுக்கு மேல மூணு' என்பார்கள். ஒருவர் நாலைந்து பேருக்கு அடிப்பார். அவர்கள் ஒவ்வொருவரும் இன்னும் நாலைந்து பேருக்கு. பிள்ளைக் காம்பரா ஆயம்மா பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மண்சரிவு எட்டாத பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவார். லயத்தில் இருப்பவர்களும் அங்கேயே இறங்கிவிடுவார்கள். கொழுந்து மலையில் நிற்பவர்கள் லயத்துக்குத் திரும்ப மாட்டார்கள். ஒவ்வொரு மழைக்காலமும் தொடங்கும்போது அதை ஒத்திகை பார்த்தார்கள். ரீலோட் செய்த காசு கொஞ்சமே மிஞ்சியிருக்கும் போனிலும் அது வேலை செய்யும். ஒரு வாய்ப் பேச்சில்லாமல் ஒரு மலையையே காலி செய்கிறார்கள்!

"உங்க நம்பரயும் போட்டிருக்கோம் சேர். ஒரு ஆபீசருக்கும் தெரியணும்ல" என்றாள் ராமாயி.

இனி கருணாகரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பிராந்திய முகாமையாளர். குரலை உயர்த்தி நான் ஒருநாளும் கேட்டதில்லை. அறைக்குள் போனால் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்பார், அடுத்த முறை போனால் அதை ஞாபகம் வைத்திருந்து மறுபடி கேட்பார். எல்லாரும் அவருக்கு அண்ணன்தான், அக்காதான். இல்லை என்று சொல்ல வேண்டி வந்தால் முதலில் தேத்தண்ணி சொல்வார். "உங்க இடத்துல இருந்தா நானும் இதையேதான் கேட்பேன்" என்பார். அந்த வாக்கியம் வந்துவிட்டால் காரியம் கெட்டுவிட்டது என்று அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். இவரும் தோட்டத்தில் வளர்ந்தவர்தான். தகப்பன் பண்டாரவளைப் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீசில் கிளாக்கர். தகப்பன் போன பிறகு தாயார் பண்டாரவளையில் தனியாக இருந்தார்.

ஒருநாள் கூப்பிட்டு அனுப்பினார். மேசைமேல் இருந்த திரையை என் பக்கம் திருப்பினார். ஊவா முழுவதும் புள்ளி புள்ளியாக டவர்கள். நிறையப் பேச்சு நடக்கிற டவர் பச்சை, பேச்சு குறைந்தது சிவப்பு. மேற்கணக்கு நல்ல சிவப்பாக இருந்தது.

"இந்த டவர்ல யாருமே பேசறதில்லயே அண்ணே. பண்டாரவளையில ஹோட்டல் பக்கம் பாருங்க. கரண்ட் போனா வெளிநாட்டுக்காரங்க உடனே முறைப்பாடு போடுறாங்க. அங்க பேட்டரி பத்தல, இங்க சும்மா கிடக்கு."

"சும்மா கிடக்கல சேர். அங்க ஆளுங்க ரிங் கட்டுலதான் பேசிக்கிறாங்க. எடுக்காததால உங்க படத்துல வரல" என்றேன். மூணுக்கு மேல மூணையும் பீலியையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். தலையாட்டினார்.

"எடுக்காத கோல் ஒரு கோலா அண்ணே?"

அந்த நேரத்தில் மேசைமேல் இருந்த அவருடைய போன் ஒரு தரம் அடித்து நின்றது. அவர் அதைத் தொடவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முகம் மட்டும் மலர்ந்தது.

"அம்மா. கோயிலுக்குப் போயிட்டு வீடு வந்து சேர்ந்துட்டாங்க" என்றார்.

"இப்ப உங்கம்மா உங்களோட பேசினாங்களா இல்லயா சேர்?" என்று கேட்டேன்.

சிரிப்பு மாறாமல் என்னைப் பார்த்தார். "அது வீட்டு விசயம் அண்ணே. நாம ஆபீஸ் விசயத்தப் பேசுவோம். உங்க இடத்துல இருந்தா நானும் இதையேதான் கேட்பேன்."

தெரியாதவன் செய்தால் அறியாமை என்று விட்டுவிடலாம். இந்த மனிதருக்கு ரிங் கட்டின் பாஷை தெரியும். தாயின் வாயிலிருந்து பழகியது. ஒரு ரிங்கில் தன் தாய் பத்திரமாக இருக்கிறாள் என்று அறிந்து நெஞ்சு குளிர்ந்தவர், அதே மூச்சில் ராமாயியின் ரிங்கை அது ஒரு அழைப்பா என்று கேட்கிறார். இன்றுவரைக்கும் என்னால் அதை மன்னிக்க முடியவில்லை, மன்னிக்கப் போவதுமில்லை.

அடுத்து என்னை வெலிமடைக்கு அனுப்பினார்கள். மரக்கறி லொறி மோதிச் சாய்ந்த தூண்களை நிமிர்த்துகிற வேலை. அங்கே நிற்கும்போது ராமாயியிடமிருந்து போன் வந்தது. இரண்டு ரிங், மூன்று ரிங் தாண்டி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தேன்.

"சேர், டவர் அடியில இருந்த மிசினயும் பேட்டரி பாதியயும் லொறில ஏத்திட்டுப் போறாங்க. உங்ககிட்டச் சொல்லித்தான் போறாங்களா?"

அவள் காசைப் பார்க்காமல் எனக்கு அடித்துப் பேசிய ஒரே அழைப்பு அதுதான். நான் கருணாகரனுக்கு அடித்தேன். தற்காலிகமாகத்தான் என்றார். எங்கள் மாகாணத்தில் தற்காலிகம் என்ற சொல்லுக்கு என்ன ஆயுள் என்று உங்களுக்கும் தெரியும். பதுளைக்குத் திரும்பியதும் நேரில் போய் நின்று கத்தினேன். தேத்தண்ணி வந்தது. மழை தொடங்குவதற்குள் திருப்பித் தாருங்கள் என்று எழுதியும் கொடுத்தேன். பார்ப்போம் என்றார்.

மழை தொடங்கியது.

அன்றைக்கு நடந்ததை நான் ராமாயியின் மகள் சுகந்தி சொல்லித்தான் அறிந்தேன். கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்துகொண்டிருந்தவள், லீவில் வந்திருந்தாள். ராமாயிக்கு முழங்கால் வலி, ஆகவே மலைக்குப் போகவில்லை. எங்கள் பேச்சில் மலை என்றால் கொழுந்து பறிக்கிற இடம். காலையில் காற்றில் எங்கோ மரம் விழுந்து கரண்ட் போயிற்று. மிச்சமிருந்த பாதிப் பேட்டரி கொஞ்ச நேரம் இழுத்துப் பிடித்துவிட்டு நின்றுவிட்டது. எழும்புவதற்கு ஜெனரேட்டர் இல்லை. மத்தியானம் கழிந்து தாயும் மகளும் தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போனார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் பால் ஊற்றிய தேத்தண்ணி நிறத்துக்கு மாறியது.

"அம்மா குடத்தப் போட்டுட்டு போன எடுத்துச்சு சேர்" என்றாள் சுகந்தி. "அமுக்குது, அமுக்குது, போகல. மேல தூக்கிப் பிடிச்சிச்சு. கல்லு மேல ஏறி நின்னு பிடிச்சிச்சு. டவரே இல்லடி, நீ மலைக்கு ஓடு, ஒருத்தரயும் லயத்துக்கு வரவிடாதன்னு சொல்லிட்டு, அது கீழ ஓடிச்சு. முழங்கால் வலின்னு காலையில எந்திரிக்கவே மாட்டேன்னு சொன்ன மனுசி சேர்."

ராமாயி முதலில் பிள்ளைக் காம்பராவுக்கு ஓடினாள். ஆயம்மாவோடு சேர்ந்து கைக்குழந்தைகளைத் தூக்கிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவைத்தாள். ஒரு பிள்ளைக்கும் சிறு கீறல்கூட இல்லை. பிறகு அவளும் பிள்ளைகளோடு போயிருக்கலாம். லயங்களில் காய்ச்சல்காரர்களும் வயதானவர்களும் காவல் வேலை முடிந்து உறங்குகிறவர்களும் இருந்தார்கள். வழக்கமாக ஒரே நேரத்தில் எல்லா வீட்டிலும் அடிக்க வேண்டிய மூணுக்கு மேல மூணை, அவள் மறுபடி மேலே ஏறிப்போய், கதவு கதவாகக் கையால் தட்டினாள். எல்லாரையும் இறக்கினாள். கடைசி லயத்தின் கடைசிக் கதவில் இருந்தவர்கள் இறங்கி ஓடும்போது பின்னால் சத்தம் கேட்டதாம். திரும்பிப் பார்த்தார்களாம். லயமும் இல்லை, ராமாயியும் இல்லை.

அவளை மறுநாள்தான் எடுத்தார்கள். நான் அப்போது அங்கே போய்ச் சேர்ந்திருந்தேன். மண் வெட்டியவர்களோடு நானும் நின்று வெட்டினேன். முந்தின நாள் முழுக்க என் போன் சட்டைப் பையில்தான் இருந்தது. ஒரு தரம்கூட அடிக்கவில்லை.

டிவிக்காரர்கள் வந்தார்கள். கையில் போனைப் பிடித்துக்கொண்டு நேரலை போட்டவர்களும் வந்தார்கள். அழுகிற முகங்களைக் கிட்டத்தில் போய்ப் பிடித்தார்கள். அன்றைய செய்தியில் என்ன சொன்னார்கள் தெரியுமா? மண்சரிவு எச்சரிக்கை குறுஞ்செய்தியாக முன்கூட்டியே அனுப்பப்பட்டது, தோட்ட மக்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. அனுப்பினார்கள், உண்மைதான். நின்றுபோன டவர் வழியாக அனுப்பினார்கள். அந்தச் செய்தி வந்து சேர்ந்ததா என்று ஒரு நிருபராவது ஒரு வீட்டிலாவது கேட்டிருக்கலாமே? பின்தங்கிய மக்கள் என்ற ஒரு சொல் கைவசம் இருந்தால் எதையும் கேட்க வேண்டியதில்லை போலிருக்கிறது.

அதைவிட மோசமானது விசாரணையில் வந்தது. பதுளையில் ஒரு பெரிய மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். நிறுவனத்தின் சார்பில் அறிக்கை வாசித்தார்கள். சம்பவ நேரத்தில் மேற்கணக்கு டவரில் ஒரு அழைப்பு முயற்சிகூடப் பதிவாகவில்லை, ஆகவே தொடர்பு வசதி இல்லாததால் உயிரிழப்பு ஏற்பட்டது என்று கூற ஆதாரமில்லை. வாசித்தவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.

நான் எழுந்துவிட்டேன். "செத்த டவர் எதப் பதியும்? கடையப் பூட்டி வச்சிட்டு ஆள் வரலன்னு சொல்றீங்களா?" என்று கத்தினேன். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. கல்லின்மேல் ஏறி நின்று போனைத் தூக்கிப் பிடித்தவளின் மகள் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கிறாள், அவளைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்றேன். இது தொழில்நுட்ப விசாரணை, அவருக்குத் தொழில்நுட்பம் தெரியாது என்றார்கள். போன் வேலை செய்யவில்லை என்று சொல்வதற்கு என்ன தொழில்நுட்பம் தெரிய வேண்டும்? கருணாகரன் என் பக்கம் குனிந்து, "அண்ணே, உங்க வேதனை எனக்குப் புரியுது" என்றார் மெதுவாக. அந்த மெதுவான குரலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

முடிவு வழக்கமானதுதான். பேட்டரியும் ஜெனரேட்டரும் மேற்கணக்குக்குத் திரும்பி வந்தன. மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். கருணாகரன் பதவி உயர்ந்து கொழும்புக்குப் போனார். சபை ஒழுங்கை மீறியதற்காக எனக்கு ஒரு எச்சரிக்கை வந்தது. சுகந்தி கொழும்புக்குத் திரும்பிப் போகவில்லை. தாயின் போனும் நம்பரும் இப்போது அவளிடம் இருக்கின்றன. மேற்கணக்கில் மூணுக்கு மேல மூணு அவள் பொறுப்பு.

நிஸாம் பேசியதற்கு அடுத்த நாள் அவள் போன் பண்ணினாள். லுணுகலைக் கடையொன்றின் போனிலிருந்து.

"மழை வருதுன்னு நேத்து ஒத்திகை பார்த்தோம் சேர். டவர் இருக்கு, பேட்டரி இருக்கு, எல்லாம் இருக்கு. மூணுக்கு மேல மூணு அடிச்சதும் என் நம்பர் நின்னுபோச்சு. ஆயம்மா நம்பரும் நின்னுபோச்சு. அமுக்கினா ஒரு பொம்பள பேசுது. தொல்லை அழைப்புகள் காரணமாக உங்கள் இலக்கம் நிறுத்தப்பட்டுள்ளதுங்குது. தமிழ்லயும் சொல்லுது சேர், நல்லா வெளங்குது." பிறகு கேட்டாள்: "தொல்லைன்னா எங்களயா சேர் சொல்றாங்க?"

குறுஞ்செய்தியைச் சிங்களத்தில் அனுப்பிய காலமும் உண்டு, அப்போது தமிழில் தாருங்கள் என்று சண்டை போட்டிருக்கிறோம். இப்போது தெளிவான தமிழில் சொல்கிறார்கள், நீங்கள் தொல்லை என்று.

வாடிக்கையாளர் பிரிவுக்குச் சொன்னேன். முறைப்பாடு பதிவாகிவிட்டது என்றார்கள். நிஸாமுக்கும் சொன்னேன். "எனக்கு இதெல்லாம் தெரியாது சேர்" என்றார், உண்மையான வருத்தத்தோடு. மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார். மேலிடத்தில் யார் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அவருடைய தாயார் இன்னும் பண்டாரவளையில்தான் இருக்கிறாராம். கோயிலுக்குப் போய் வந்து ஒரு தரம்தான் அடிப்பார். ஒரு தரம் அடித்தால் சிஸ்டம் கண்டுகொள்ளாது.

நிஸாம், நீங்கள் கேட்ட கட்டுரை இதுதான். அட்டை கடித்த கதையும் தூணிலிருந்து விழுந்த கதையும் என்னிடம் நிறைய இருக்கின்றன, அவை எங்கும் போகாது. இதை மலரில் போடப் பயமாக இருந்தால் போட வேண்டாம். உங்கள் மேலிடம் முடிவெடுக்கும்வரை பீலித் தண்ணீர் காத்திருக்காது. இதை எழுதுகிறபோதே இங்கே கூரைமேல் மழை கொட்டுகிறது. அந்தப் பெண்களின் நம்பர்களை முதலில் திறந்துவிடுங்கள்.

திறந்ததும் எனக்குப் போன் பண்ணிப் பேச வேண்டாம். ஒரு ரிங் அடித்து வெட்டுங்கள். நான் எடுக்க மாட்டேன்.